இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு

மகிந்திரா நிறுவனம் 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்கார்ப்பியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை ஜீப் வகை வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பெயர்பெற்றிருந்த ஒரு நிறுவனத்தால் நகரத்துக் குடும்பங்களும் விரும்பி ஏறும் எஸ்.யூ.வி. ஒன்றைச் செய்ய முடியுமா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. அந்த ஐயம் தீர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த முதல் தலைமுறை வண்டிகள் இன்று மூன்றாவது, நான்காவது உரிமையாளர்களின் கையில், புதிய வண்டியின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்கார்ப்பியோ மட்டுமன்றி, பொலேரோ, டாடா சுமோ, 2000 முதல் 2005 வரை விற்கப்பட்ட டொயோட்டா குவாலிஸ் ஆகியவையும் இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. இவை அனைத்தும் ஏணிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டவை. அதாவது, இரண்டு நீண்ட எஃகு உத்திரங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, அதன் மேல் உடற்கூட்டை ரப்பர் தாங்கிகள் வைத்து போல்ட் போட்டு நிறுத்தியவை. மெக்கானிக்குகள் சேசிஸ் என்று சொல்லும் இந்தச் சட்டகம் நன்றாக இருக்கும் வரை, அதன்மேல் உள்ள ஏறத்தாழ எல்லாவற்றையும் கழற்றவும் மாற்றவும் முடியும் என்பதே, இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த பின்னும் இத்தகைய வண்டிகளை மக்கள் விரும்பி வாங்குவதற்குக் காரணம்.

வாங்கிய விலை குறைவு என்பதால் பராமரிப்புச் செலவும் குறைவாகவே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு; ஆனால் உதிரிபாகத்தின் விலை வண்டியின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. கையில் உள்ள தொகை சிறிதாயின், எவ்வளவு செலவிடுவது என்பதைக் காட்டிலும் எந்த வரிசையில் செலவிடுவது என்பதே வண்டியின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வாங்கிய மறுவாரமே அலாய் சக்கரமும் தொடுதிரை ஸ்டீரியோவும் பொருத்தி, மூன்றாவது மாதத்தில் நெடுஞ்சாலையோரம் ஆவி பறக்க நிற்கும் வண்டிகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

முதலில் செய்யவேண்டியது இன்ஜினின் உண்மை நிலையை அறிவது. ஓடோமீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கில்லை. அது திருத்தப்பட்டிருக்கலாம் என்பது ஒருபுறமிருக்க, டிராவல்ஸில் ஓடிய வண்டிக்கும் வீட்டில் நின்ற வண்டிக்கும் ஒரே கிலோமீட்டர் ஒரே தேய்மானத்தைத் தருவதில்லை. தேய்ந்து வழவழப்பான பிரேக் பெடல் ரப்பரும், ஓட்டுநர் இருக்கையின் அமுங்கிய ஓரமும் மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள். இன்ஜினைப் பொறுத்தவரை, அது சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். மூடி லேசாக நடுங்கினால் கவலையில்லை; புகை குபுகுபுவென வந்து மூடியையே தள்ளிவிட்டால், பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவர்களும் தேய்ந்து, எரியறையின் அழுத்தம் கீழே ஆயில் அறைக்குள் கசிகிறது என்று பொருள். பட்டறைகளில் இதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன். அது கடுமையாக இருந்தால், இன்ஜினை இறக்கிச் செய்யும் பெரிய வேலை அருகில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வேறு எதற்கும் பணத்தை இறைக்காமல் அதற்கென ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை. சைலன்ஸரிலிருந்து வரும் புகையின் நிறமும் ஓரளவு செய்தி சொல்லும்: கறுப்பு எனில் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி, நீலம் எனில் ஆயில் எரிகிறது, சூடேறிய பின்னும் விடாத வெள்ளை எனில் எரியாத டீசலோ எரியறைக்குள் புகுந்த கூலன்ட்டோ காரணமாகலாம்.

தேய்மானம் ஓர் இன்ஜினை ஆண்டுக்கணக்கில் தின்கிறது. சூடோ ஒரே பிற்பகலில் முடித்துவிடும். ஆகவே பழைய டீசல் வண்டிக்கான முதல் ரூபாய் குளிர்விப்பு அமைப்புக்கே சேரவேண்டியது. தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளாகக் கூலன்ட்டுக்குப் பதிலாக ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டிகள் இங்கே மிகுதி; அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் சுண்ணாம்புப் படிவாக இறுகி, வெளியே பளபளப்பாகத் தெரியும் ரேடியேட்டரை உள்ளே பாதி அடைத்து வைத்திருக்கும். அதை ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து, தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட வகையாயின் பல நேரங்களில் புதிதாக மாற்றுவதே மலிவாக முடியும். அதன்பின் காய்ச்சிவடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால், துருவும் படிவும் மீண்டும் சேர்வது வெகுவாகக் குறையும்.

இந்த அமைப்பில் மிக மலிவான உறுப்பு ரேடியேட்டர் மூடி. மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை இந்த மூடியின் ஸ்பிரிங் செய்கிறது: உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீர் 120 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கிறது. சில நூறு ரூபாய் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டால் அந்த 20 டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். இன்னொரு கேடு, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. இன்ஜின் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரிக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் கதவு இது; சூடு மிகுந்த ஊரில் அது எதற்கு என்று கேட்டு அதை நீக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அப்படி நீக்கப்பட்ட இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்த நிலையிலேயே ஓடி, டீசலைக் கூடுதலாகக் குடித்து, சிலிண்டரையும் விரைவில் தேய்த்துக்கொள்ளும்; கணினிக் கட்டுப்பாடு உள்ள இன்ஜினாயின், வண்டி இன்னும் சூடாகவில்லை என்று கருதி அந்தக் கணினி டீசலின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். சூட்டுக்கான உண்மைக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டரோ, சூடேறும்போது இறுகிக்கொண்டு விசிறியை வேகமாகச் சுழற்றவேண்டிய விஸ்கஸ் கப்ளிங் என்ற இணைப்பு தளர்ந்துபோனதோ ஆகும். தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்ததற்காகத் தண்டிக்கப்படுகிறது.

எரிபொருள் பக்கம் வந்தால், 2006 வாக்கில் வந்த சி.ஆர்.டி.இ. ஸ்கார்ப்பியோவும் அதன்பின் வந்த எம்ஹாக் இன்ஜினும் முதலில் வந்த 2.6 லிட்டர் இன்ஜினிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை. முதலில் வந்த இன்ஜினில் டீசலை அளந்து அனுப்பியது இயந்திரப் பம்பு. பின்வந்தவற்றில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கி வைக்கப்பட்டு, கணினியின் கட்டளைப்படி நுண்துளைகள் வழியாகத் தெளிக்கப்படுகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தாலும் வண்டி எடுக்காதபோது, நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரேயடியாக மாற்றவேண்டும் என்று சில இடங்களில் சொல்லப்படுவதுண்டு. அதற்கு ஆகும் தொகை சில நேரங்களில் வண்டி விலையில் கணிசமான பங்காக இருக்கும். அந்த முடிவுக்கு முன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் உள்ள மெல்லிய ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அதனிடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு சிறு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிடவேண்டும். மூன்று பாட்டில்களில் டீசல் விரற்கடை அளவு நிற்க, நான்காவதில் மட்டும் கழுத்து வரை ஏறியிருந்தால், உள்ளே தேய்ந்து அழுத்தத்தைத் திருப்பி ஒழுகவிடுவது அந்த ஒன்றுதான் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒன்றை மாற்றி அல்லது சரிசெய்து மற்ற மூன்றையும் தொடர்ந்து ஓட்டுவதில் தவறில்லை. இதுபோலவே, இழுவை குறைந்து கறுப்புப் புகை வந்ததும் டர்போவின் மேல் பழி விழுகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாயில் ஒரு கீறல் இருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்பதால், அந்தக் குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவி, ஆயில் படிந்த கீறல் உண்டா என்று பார்த்த பிறகே டர்போவைக் கழற்றவேண்டும்.

சிக்கனத்தின் பெரும்பகுதி கூலியில்தான் ஒளிந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாகவேண்டும். இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறைதான். ஆகவே அப்போதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றோடு, கிராங்கின் பின்புறத்தில் ஆயில் கசியாமல் காக்கும் சீலையும், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்டிங்கையும் மாற்றிவிடுவதே கணக்குக்குச் சரி. சில நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்துவிட்டு, ஆறு மாதத்தில் புதிய கிளட்ச் பிளேட்டே ஆயிலில் நனைந்து வழுக்க, முழுக் கூலியையும் மீண்டும் கொடுப்பவர்கள் குறைவல்லர். மற்ற அடிப்படை வேலைகளுக்கு விரிவான விளக்கம் தேவையில்லை: புதிதாக வாங்கிய பழைய வண்டியில் முந்தைய உரிமையாளரின் சொல்லை ஒதுக்கிவைத்து, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், வடிகட்டிகள், பெல்ட்டுகள் யாவற்றையும் ஒரே தவணையில் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கவேண்டும். குவாலிஸ் போல டைமிங் பெல்ட் உள்ள வண்டியாயின் அதுவும் இதிலேயே அடங்கும், ஏனெனில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே பாழாகக்கூடும்.

அடுத்த செலவு திசைதிருப்புதலுக்கும் நிறுத்துதலுக்கும் உரியது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தின் 12 மணி, 6 மணி நிலைகளில் கைவைத்து முன்னும் பின்னும் அசைத்தால் தெரியும் ஆட்டம் பேரிங்கையோ பால் ஜாயின்டையோ சுட்டுகிறது. 3 மணி, 9 மணி நிலைகளில் மட்டும் ஆடினால் குறை பெரும்பாலும் ஸ்டீயரிங் தண்டின் முனையான டை ராட் எண்டில் இருக்கிறது. இவையும் சஸ்பென்ஷன் கைகளின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களும் மாற்றப்பட்டாலே, நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது என்ற குறை பாதி தீர்ந்துவிடும். இவற்றை விட்டுவிட்டு அலைன்மென்ட் மட்டும் பார்ப்பது வீண். பிரேக்கைப் பொறுத்தவரை, பெடல் கல்லைப்போல் இறுகியிருந்தால் பேடை மாற்றிப் பயனில்லை. டீசல் இன்ஜின் தானாகப் போதிய வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை என்பதால், பிரேக் பூஸ்டருக்கென ஒரு தனி வேக்குவம் பம்பு வைக்கப்பட்டிருக்கிறது. பல பழைய டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருப்பதால், மெக்கானிக்கின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 தரத்துக்குப் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கவேண்டும். ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்கும் அளவு 140 டிகிரிதான். சமவெளியில் இந்த வேறுபாடு தெரியாது. எழுபது கொண்டைஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏழுபேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால், பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகி, பெடல் திடீரென்று தரைவரை போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு முறை டீசல் நிரப்புவதற்கு ஆகும் செலவைக்கூட எட்டாது.

எந்த உதிரிபாகத்தை எங்கே வாங்குவது என்பதிலும் பணம் மிச்சமாகும். வண்டி நிறுவனங்கள் பெரும்பாலான உறுப்புகளைத் தாங்களே செய்வதில்லை. சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்களும், ஸ்டீயரிங் இணைப்புகளுக்குப் பெயர்பெற்ற ராணே நிறுவனமும் வண்டித் தொழிற்சாலைகளுக்குப் பொருள் அனுப்புவதோடு, தம் பெயர் அச்சிட்ட பெட்டியிலும் சந்தையில் விற்கின்றன. வண்டி நிறுவனத்தின் முத்திரை இல்லாத இத்தகைய பெட்டிகள் தரம் குறையாமலே விலையில் இறங்கியிருக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகளில் இவை கிடைக்கும். ஆனால் அவற்றின் அருகிலேயே பெட்டியை மட்டும் நகலெடுத்த போலிகளும் கிடைக்கக்கூடும் என்பதால், பில் இல்லாமல் வாங்குவது சிக்கனமாகாது. புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையில் கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு, சுவிட்சு, கியர்பாக்ஸ் வரை வாங்கலாம். ரப்பரால் ஆனதும், பிரேக்குக்கு உரியதும், டயரும் மட்டும் அங்கே வாங்கத்தக்கவை அல்ல.

டயர் புதியது என்று கடைக்காரர் சொன்னாலும், பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு எண்களைப் படிக்கவேண்டும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மேம்பாடு என்ற பெயரில் பெரிய டயர் போடுவது இன்று பெருவழக்கு. 235/70 ஆர் 16 அளவுள்ள டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். அதனிடத்தில் 245/75 ஆர் 16 போட்டால் விட்டம் 774-ஆக உயர்கிறது. ஐந்து விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்னைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும், இழுவை அதே அளவு குறையும், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் கிளட்ச்சும் பேரிங்கும் கூடுதல் சுமையைத் தாங்கவேண்டிவரும். வயதான வண்டியில் ஒன்றைப் பலப்படுத்துவது பெரும்பாலும் பலவீனத்தை அடுத்த உறுப்புக்குத் தள்ளிவிடுவதாகவே முடிகிறது.

விளக்கில் அப்படியல்ல, அங்கே குறைந்த செலவில் நிறைந்த பயன் உண்டு. பழைய ஒயரிலும் கரி பிடித்த சுவிட்சிலும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு இழக்கப்பட்டால், ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துச் செல்லும்படி ரிலே வைத்துப் புது ஒயர் இழுத்து, இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மஞ்சளேறிய விளக்குக் கண்ணாடியை நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்றினால், அதே 60/55 வாட் பல்பு புதிதாக எரியும். ஹாலஜனுக்கென வளைக்கப்பட்ட கிண்ணத்தில் மலிவு எல்.இ.டி. பல்பைச் செருகுவது எதிரில் வருபவரின் கண்ணைக் கூசவைப்பதோடு சரி.

தோற்றத்துக்கான மாற்றங்கள் பலவற்றுக்குச் சட்டமும் இடந்தருவதில்லை. கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடைசெய்தது. முன்புற இரும்புத் தடுப்புக் கம்பிகளை அகற்றுமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-இல் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இவற்றுக்கெல்லாம் செலவிட்டவர், பதிவைப் புதுப்பிக்கும் நாளில் அவற்றைக் கழற்றவும் செலவிடுகிறார்.

அந்தப் புதுப்பித்தலையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளவேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகவே நீட்டிக்கப்படும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் தனியே உண்டு. டெல்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததிலிருந்து, அங்கிருந்து மலிவாக இறங்கும் ஸ்கார்ப்பியோக்கள் தெற்கிலும் விலைக்கு வருகின்றன. தடையின்மைச் சான்று பெற்று, இங்கே சாலை வரியும் கட்டி மறுபதிவு செய்தபின் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கணக்கிடவேண்டும்.

இறுதி முடிவைச் சொல்லும் உரிமை சேசிஸுக்கே உண்டு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மாற்று கிடைக்கும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் நின்ற வண்டியின் உத்திரம் உள்ளிருந்து அரித்துப்போயிருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆபத்து. உடற்கூட்டின் துருவை டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைத்திருக்கலாம். துணி சுற்றிய காந்தம் ஒன்று ஒட்டாத இடங்களைக் காட்டிக்கொடுக்கும். சேசிஸுக்குச் சிறு சுத்தியல் போதும்: பின் சஸ்பென்ஷன் பிணைப்புகளின் அருகிலும் உடல் தாங்கிகளின் கீழும் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலித்துத் துகளாக உதிரும். அந்தச் சோதனையின்போதே, உத்திரத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண் துருவில் கரையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடவேண்டும். பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கேட்பார்கள், எண் படியவில்லையெனில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று மீண்டும் பொறிக்கும் வரை மற்ற எந்த வேலையும் நகராது.